கோடையை முடித்துவைக்கிறவர்

வெல்னிக் தீவில் கோடைக்காலம் தானாக முடிவதில்லை. மூன்று பிள்ளைகள் டுனாட்டைக் குகையில் பிடித்து, கயிற்றால் கட்டி, போலீஸிடம் ஒப்படைத்த பிறகுதான் முடியும். அன்று மாலையே முதல் மழை பெய்யும். மறுநாள் சிள்வண்டுகள் அடங்கும். அடுத்த வாரம் திராட்சை பறிக்கலாம், பள்ளிக்கூடம் திறக்கலாம். பக்கத்துத் தீவுகளில் கோடை யாரையும் கட்டாமலே முடிகிறது என்று வெல்னிக்காரர்களுக்குத் தெரியும். பக்கத்துத் தீவுகளில் பாம்பு உண்டு, இங்கே கிடையாது; ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொன்று.

இது ஒரு பள்ளி ஆசிரியையால் வந்தது. ஸாக்ரெப்பிலிருந்து வந்த அவர் டுனாட்டின் அம்மா வீட்டு மாடி அறையில் ஒரு கோடை முழுக்கத் தங்கியிருந்தார். மரியாதையான பெண்மணி. அத்திப்பழம் நிறையச் சாப்பிடுவார், குகையைப் பற்றி நிறையக் கேட்பார். டுனாட்டுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சிறுவனாக இருக்கும்போது தூண்டில் முள் கிழித்ததில் அவருக்குக் கன்னத்தில் காது வரை ஒரு தழும்பு. எல்லைக்கு அப்பால் ட்ரியெஸ்ட் துறைமுகத்திலிருந்து வரி கட்டாமல் காபிக்கொட்டை கொண்டுவருவார்; அந்தக் காலத்தில் படகு வைத்திருந்த எல்லோரும் கொண்டுவந்தார்கள், ஆசிரியையும் அதில்தான் காபி குடித்தார். அடுத்த ஆண்டு அவருடைய முதல் புத்தகம் வெளிவந்தது. பிறகு ஆண்டுக்கு ஒன்றாக வந்துகொண்டேயிருந்தது. டாவோர் என்ற பையன் தலைவன். யாகொடா என்ற பெண் வரைபடம் படிப்பவள். கடைக்குட்டி நீவெஸ் ஓர் ஆமையை வாளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு திரிபவள். மூவரும் கோடை விடுமுறைக்கு ஒரு தீவுக்கு வருவார்கள். குகையில் காபி மூட்டைகளை ஒளித்துவைக்கும் தழும்புக்காரன் ஒருவனைக் கடைசியில் பிடிப்பார்கள். மழை பெய்யும். கப்பலேறி ஊர் திரும்புவார்கள். நாட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த எல்லாக் குழந்தைகளும் அதைப் படித்தன. பிள்ளைகள் பெரியவர்களாகும் புத்தகத்தை எழுதுவதற்கு முன்னால் ஆசிரியை இறந்துபோனார். அடுத்த ஜூன் மாதம் அந்த மூவரும் கப்பலிலிருந்து இறங்கினார்கள். ஆமை வாளியில் இருந்தது.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ரொட்டிக்கடை பிலொமேனா, "அட்டைப்படத்துல பார்த்ததைவிட ஒல்லியா இருக்குதுங்களே. அந்தம்மா சரியாச் சோறு போடலை போல" என்று சொல்லிச் சூடாக ஒரு ரொட்டி கொடுத்தாள். பிள்ளைகள் பைன் மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்தார்கள். பிலொமேனாவிடம் ரொட்டி வாங்கினார்கள், போலீஸ்காரருக்கு வணக்கம் சொன்னார்கள், மற்றபடி ஊரில் ஒருவரும் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகஸ்ட் கடைசியில் டுனாட் நண்டு பிடிக்கக் குகைக்குப் போனபோது அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் திமிறிக் கயிற்றை உதறிவிட்டு, மூவரையும் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மீன் சாப்பிட்டார். செப்டம்பர் வந்தும் மழை வரவில்லை. மழைநீர்த் தொட்டிகளில் வாளியை விட்டால் கல்லில் இடிக்கிற சத்தம் கேட்கத் தொடங்கியபோது, ஊர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவர் மனைவி யெர்கா, "வருஷத்துக்கு ஒரு நாள் கையும் காலும் கட்டிக் கிடக்கிறதுக்கு இவ்வளவு யோசனையா? நான் வருஷம் பூரா அப்படித்தான் கிடக்கிறேன். கிளம்பு" என்றாள். அவர் கிளம்பினார். அன்று மாலை மழை பெய்தது.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. போலீஸ்காரரின் தொப்பியில் சிவப்பு நட்சத்திரம் இருந்த காலத்திலும், ஆட்சி மாறி அது போய்ச் சதுரங்கக் கட்டச் சின்னம் வந்த காலத்திலும், அவர் டுனாட்டைப் பிள்ளைகள் முன்னால் அதட்டி நடத்திக்கொண்டுபோய், அலுவலகத்தின் பின்பக்கம் கட்டவிழ்த்து, ஒரு கிளாஸ் ராக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்து அனுப்புவார். பிள்ளைகள் மழையில் நனைந்தபடி கப்பலேறுவார்கள். கப்பல் முனையைத் தாண்டியதும் மேல்தளத்தில் அவர்களைக் காணமுடியாது என்று மாலுமிகள் சொல்வார்கள். டிக்கெட் கேட்பதில்லை. போர் நடந்த ஆண்டுகளில் கப்பல் வரவில்லை, பிள்ளைகள் வந்தார்கள். தினார் நோட்டு போய்க் குனா நோட்டு வந்தது. டாவோருக்குப் பன்னிரண்டு வயதாகவே இருந்தது. டுனாட்டுக்கு நாற்பது, அறுபது, எழுபத்தெட்டு.

டுனாட்டுக்கும் யெர்காவுக்கும் ஒரே மகள், விங்கா. அவள் எல்லாப் புத்தகங்களையும் மனப்பாடமாகச் சொல்வாள். அவளுக்குப் புத்தகத்தில் பிடிக்காத ஆள் ஒருவர்தான், அவர் அவளுடைய அப்பா. ஜூன் மாதம் படகுத்துறையில் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பாள். யாகொடாவைப் போலவே இரட்டைப் பின்னல் போட்டுக்கொள்வாள். கப்பலிலிருந்து இறங்கும் மூவரும் அங்குமிங்கும் பார்த்துவிட்டு அவளைக் கடந்து போவார்கள். பதினோரு வயதில் அவளும் யாகொடாவும் ஒரே உயரம் இருந்தார்கள். அந்த ஆண்டு நிச்சயம் கூப்பிடுவார்கள் என்று ஒரு பையில் கயிறு, டார்ச் லைட், பிஸ்கட் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். கூப்பிடவில்லை. அடுத்த ஆண்டு அவள் யாகொடாவைவிட உயரமாகிவிட்டாள். பிறகு படகுத்துறைக்குப் போகவில்லை. உயர்நிலைப் பள்ளிக்கு ஸாதர் நகரத்துக்குப் போனபோது வகுப்பில் அவளை "ஏய், காபி கடத்துறவர் பொண்ணு" என்று கூப்பிட்டார்கள். ரியேகாவில் வேதியியல் படித்தாள், அங்கேயே குடிநீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். புலா நகரத்துக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள், சில ஆண்டுகளில் பிரிந்தாள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் தீவுக்கு வருவாள். கோடையில் ஒருபோதும் வருவதில்லை. ஒரு கிறிஸ்துமஸில், உப்புக்கண்ட மீன் வெந்துகொண்டிருந்தபோது, "அந்தக் குகையில அவ்வளவு நேரம் என்னப்பா பண்ணுவாங்க?" என்று கேட்டாள். "என்ன பண்ணுவாங்க, சின்னப் பசங்க. பேசுவாங்க" என்றார் டுனாட்.

அவருக்கு எழுபத்தொன்பது வயதான வசந்தத்தில் இதயம் தடுமாறியது. ஸாதர் மருத்துவமனையில் பார்த்துவிட்டு, வால்வை மாற்ற வேண்டும், இலையுதிர்காலம் தொடங்கும்போது வந்துவிடுங்கள், அதுவரை மாடிப்படிகூட ஏறக் கூடாது என்றார்கள். படகிலிருந்து குகைக்குள் ஏறுகிற பாறை மாடிப்படியைவிட மோசம். ஆகஸ்ட் கடைசியில் ஊர்க்காரர்கள் ஷ்பிரோவின் மதுக்கடையில் கூடினார்கள். ஷ்பிரோதான் அப்போது ஊர்த் தலைவர்.

இங்கேதான் தவறு நடந்தது. அந்த வாரம் யூகோ வீசிக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து வருவதால் அதைத் தென்றல் என்று நினைத்துவிடக் கூடாது. ஈரமாகவும் கனமாகவும் வந்து மண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். ரொட்டி மாவு பொங்காது, நாய்கள் காரணமில்லாமல் குரைக்கும், அன்பான தம்பதிகள் தட்டை உடைப்பார்கள். யூகோ வீசும்போது எடுத்த முடிவு செல்லாது என்பது இந்தக் கரையில் சட்டத்துக்கு முந்தைய சட்டம். நிலம் விற்கமாட்டார்கள், பெண் கேட்டுப் போகமாட்டார்கள். அந்த நாட்களில் மாமியாரை வைதால்கூடக் காற்று நின்றதும் அவள் மன்னித்தாக வேண்டும். எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் தொட்டிகளில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. காத்திருக்க ஷ்பிரோவுக்குப் பொறுமை இல்லை. கடற்கரையில் குளிர்பானம் விற்கும் ரோகோ என்பவனைக் கைகாட்டினார். அவனுடைய அக்கா அவன் கன்னத்தில் சாயத்தால் ஒரு தழும்பு வரைந்தாள். டுனாட்டின் கன்னத்தில் இருப்பதைவிட அது நன்றாகவே இருந்தது.

ரோகோ சாயங்காலத்துக்குள் தானாகவே திரும்பி வந்துவிட்டான். மதுக்கடையில் எல்லோரும் அவனைச் சுற்றிக்கொண்டார்கள்.

"கட்டினாங்களா?"

"கட்டினாங்க. அப்புறம் எதிர்ல உட்கார்ந்து என்னையே பார்த்துட்டிருந்தாங்க. அந்தச் சின்னது 'ஏதாவது சொல்லுங்க'ன்னுச்சு. நான் என்னத்தைச் சொல்ல? 'ஐயோ, விட்டுடுங்க'ன்னேன்."

"அப்புறம்?"

"விட்டுட்டாங்க."

செப்டம்பர் வந்தது, கோடை நகரவில்லை. முதலில் வாடகை அறை வைத்திருந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். பிறகு சுற்றுலாப் பயணிகளுக்கே சூரியன் சலித்துப்போய்ப் புறப்பட்டார்கள். திராட்சை கொடியில் அப்படியே நின்றது. கடித்தால் ஆகஸ்ட் மாதத்துப் புளிப்பு. அக்டோபரில் ஸாதரிலிருந்து தண்ணீர்க் கப்பலை வரவழைத்தார்கள். இறந்தோர் நாளன்று கல்லறைகளில் வைத்த செவ்வந்திப் பூக்கள் பாதிரியார் ஜெபத்தை முடிப்பதற்குள் வாடின. சிள்வண்டுகள் அவரைவிடச் சத்தமாகப் பாடின. பிள்ளைகளும் நன்றாக இல்லை. கப்பல் வரும்போதெல்லாம் பெட்டியுடன் படகுத்துறைக்கு வருவார்கள், ஏறுபலகை வரை நடப்பார்கள், அதற்குமேல் அவர்கள் கால்கள் போகாது. நீவெஸ் இருமத் தொடங்கினாள். ஆமை இந்நேரம் மண்ணுக்குள் தூங்கியிருக்க வேண்டும். வாளியில் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தது.

டுனாட் மருத்துவமனைக்குப் போக மறுத்தார். இலையுதிர்காலம் தொடங்கட்டும் என்றுதானே டாக்டர் சொன்னார், இன்னும் தொடங்கவில்லையே என்றார். அவர் உதடுகள் நீலமாகியிருந்தன. ஒரு காலை யாரிடமும் சொல்லாமல் படகை அவிழ்க்கப் போய், துறையிலேயே விழுந்துவிட்டார். யெர்கா ரியேகாவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். விங்கா, பள்ளிக்கூடம் முடித்த பிறகு முதல் முறையாக, கோடையில் வீட்டுக்கு வந்தாள்.

"நாளைக்கே உங்களைத் தூக்கிட்டுப் போறேன்" என்றாள் அப்பாவிடம்.

"தூக்கு பார்ப்போம். என்னைக் கட்டுறதுன்னா அந்தப் பசங்களாலதான் ஆகும்."

"அப்பா, அதுங்க புத்தகத்துல வர்ற பிள்ளைங்க."

"இருந்தா என்ன? நான் வருவேன்னு காத்துட்டிருக்குதுங்க. சின்னது வேற இருமுது. அதுங்களை அப்படியே விட்டுட்டு நான் போய்ப் படுக்கணுமா?"

விங்கா அம்மாவைப் பார்த்தாள். யெர்கா கீரைக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே, "என்னைப் பார்க்காதே. ஐம்பது வருஷமா நான் பேசிப் பார்த்தாச்சு" என்றாள். மருத்துவமனையில் விங்கா தொலைபேசியில் விசாரித்தபோது, இன்னும் ஒரு வாரம் தள்ளினால் வால்வு மாற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்காது என்றார்கள்.

மறுநாள் காற்று திரும்பியது. வடக்கிலிருந்து பூரா என்ற வாடைக்காற்று வீசி வானத்தைத் துடைத்தது; தூரத்து மலைகள் கையால் தொடலாம் போலத் தெரிந்தன. மழை இல்லை, ஆனால் தலை தெளிந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. பிலொமேனாவின் மகள், இப்போது ரொட்டிக்கடை அவளுடையது, ஷ்பிரோவின் கதவைத் தட்டி, "ரோகோவை யூகோவுலதானே தேர்ந்தெடுத்தீங்க? அது செல்லாதுன்னு அந்தக் குழந்தைங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியலை" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். மதுக்கடையில் மறுபடியும் கூடினார்கள். ரோகோ வரவில்லை, அவன் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் போறேன்" என்றாள் விங்கா.

"நீயா? கடத்தல்காரர்னா ஆம்பளையா இருக்கணும்மா" என்றார் ஷ்பிரோ.

கதவருகில் நின்ற யெர்கா சிரித்தாள். "ட்ரியெஸ்டுலேர்ந்து காபிக்கொட்டையைப் பாவாடைக்குள்ள வெச்சுத் தெச்சு எடுத்துட்டு வந்தது யாருன்னு நினைக்கிறே, ஷ்பிரோ? இவரு படகுதான் ஓட்டினாரு. உங்கம்மா கடையில அந்தக் காபியைத்தான் வித்தா."

கை தூக்கினார்கள், காற்று வடக்கிலிருந்து வருகிறதா என்று ஒருவர் வெளியே போய்ப் பார்த்துவந்தார், முடிவானது. புறப்படும்போது டுனாட் மகளைப் படுக்கைக்கு அருகே கூப்பிட்டார்.

"டாவோருக்கு முடிச்சுப் போட வராது. தளர்ந்துதான் இருக்கும். கட்டைவிரலால உள்ளேயிருந்து பிடிச்சுக்கோ. அவிழ்ந்துட்டா அவனுக்கு அவமானம்."

"சரிப்பா."

"பசிக்குதுன்னு சொல்லாதே. அதுங்க ரொட்டியைக் கொடுத்துடும்."

"என்ன பேசணும்?"

"அதுங்களே கேட்கும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

விங்கா கடையில் வாங்கிய காபி பொட்டலம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு படகைச் செலுத்தினாள். குகைக்குள் தண்ணீர் பச்சையாக இருந்தது. மேலே ஒரு துளை வழியாக வெளிச்சம் விழுந்தது. ஐந்தாவது புத்தகத்தில் எழுதியிருந்தபடியே எல்லாம் இருந்தன, கொஞ்சம் சிறியதாக. பொட்டலத்தைப் பாறையில் வைத்ததும் பின்னாலிருந்து டார்ச் லைட் அடித்தது. "அசையாதே! உன் ஆட்டம் முடிந்தது!" என்றான் டாவோர். அவன் குரல் இன்னும் உடையவில்லை. அவள் கையைத் தூக்கினாள். அவன் கயிற்றைச் சுற்றினான். முடிச்சு தளர்ந்திருந்தது, அவள் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டாள். அவன் போலீஸை அழைத்துவர அவளுடைய படகிலேயே புறப்பட்டான். யாகொடாவும் நீவெஸும் காவலுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இவ்வளவு அருகில் அவர்களை அவள் பார்த்ததே இல்லை. யாகொடாவின் முழங்காலில் ஒரு பொருக்கு இருந்தது. அட்டைப்படத்தில் அது கிடையாது. நீவெஸுக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, நாக்கால் தள்ளிக்கொண்டேயிருந்தாள். எத்தனை காலமாக அது ஆடுகிறது என்று விங்கா யோசித்தாள்.

நீவெஸ் இருமினாள். பிறகு மத்தி மீன் வைத்த ரொட்டியைப் பிட்டு நீட்டினாள்.

"அவர் வரலையா?"

"உடம்பு சரியில்லை. ஆபரேஷனுக்குப் போகணும்" என்றாள் விங்கா. "நான் அவர் பொண்ணு."

யாகொடாவின் கையிலிருந்து டார்ச் விழுந்து தண்ணீருக்குள் போயிற்று. யாரும் அதை எடுக்கவில்லை.

"விங்காவா?" என்றாள் நீவெஸ். "பல்லுக்குக் கம்பி போட்டாங்களே, அந்த விங்காவா?"

"ஏய், அது எப்பவோ கழட்டியாச்சு" என்றாள் யாகொடா. "வேதியியல்ல ரெண்டாவது தடவை பாஸ் பண்ணினாங்க. அப்புறம்தான் தண்ணி ஆபீஸ். அப்புறம் புலாக்காரர். எல்லாம் மறந்துடுவா இவ. அக்கா, பக்கத்து வீட்டுக்காரி உங்க பூனையைத் திருப்பிக் குடுத்தாளா? போன வருஷம் அதோட நின்னுபோச்சு. அதிலேர்ந்து நாங்க தூங்கவே இல்லை."

விங்கா முன்னால் சாய்ந்தாள். கட்டைவிரலை மட்டும் எடுக்கவில்லை.

"அப்பா இதையெல்லாம் உங்ககிட்டச் சொன்னாரா?"

"வேற யாரு சொல்லுவா? எங்களுக்கு இந்தக் கோடையைத் தவிர ஒண்ணும் நடக்காதே" என்றாள் யாகொடா. அதில் வருத்தம் இல்லை, ஒரு தகவல்போலச் சொன்னாள். "முதல் தடவை இவ அழுதா. பிடிச்சாச்சு, அடுத்து என்னன்னு கேட்டா. அவருக்குக் கதை எதுவும் தெரியலை. வீட்டுல ஒரு பொண்ணு பிறந்திருக்குன்னு சொன்னாரு. அடுத்த வருஷம் நடக்குதுன்னாரு. புலாக்காரர் வேணாம்னு நான் அப்பவே சொன்னேன். டாவோர்தான் அவர்கிட்ட மோட்டார் சைக்கிள் இருக்குன்னு..."

"நான் துறையில நின்னேன்" என்றாள் விங்கா. சொல்ல வேண்டும் என்று வந்ததல்ல. நாற்பது ஆண்டுகளாகக் காத்திருந்து தானாக வெளியே வந்தது. "ஒவ்வொரு ஜூனும் முன்னாடி வந்து நின்னேன். நீங்க திரும்பிக்கூடப் பார்க்கலை."

இரண்டு சிறுமிகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தேடினோமே" என்றாள் நீவெஸ். "இறங்கினதும் முதல்ல உங்களைத்தான் தேடுவோம். அவர் கையை வெச்சு இவ்வளவு உயரம்னு காட்டுவாரு, நாங்க அந்த உயரத்துல தேடுவோம். அங்கே யாருமே இருக்கமாட்டாங்க." அவள் தன் காதளவில் கையை வைத்துக் காட்டினாள். "அதுக்குள்ள நீங்க வளர்ந்துடுவீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

விங்கா முதலில் பூனையிலிருந்து தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்காரி திருப்பித் தரவில்லை. பூனைதான் பால்கனி தாண்டி வந்தது, இரண்டு குட்டிகளுடன். ஆய்வகத்தில் நடந்ததைச் சொன்னாள், புலாக்காரருடைய மறுமணத்துக்குப் போய்க் கேக் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்ததைச் சொன்னாள். யாகொடா தொடையில் தட்டிச் சிரித்தாள். ஒரு பெண் தனியாக ஒரு சமையலறையில் ரேடியோ கேட்டுக்கொண்டு சாப்பிட்ட ஓர் ஆண்டில் சொல்வதற்கு இவ்வளவு இருக்கும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை. நீவெஸ் இருமலை மறந்து, ஆமையின் முதுகில் முகவாயை வைத்துக்கொண்டு கேட்டாள். போலீஸ்காரருடன் டாவோர் வந்தபோது, "இருடா, முக்கியமான இடம்" என்று அவனையே உட்காரவைத்தார்கள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அலுவலகத்தின் பின்பக்கம் அவள் ராக்கியாவை ஒரே மடக்கில் குடித்தபோது முதல் துளி விழுந்தது. பிறகு தொட்டிகளுக்குத் தண்ணீர் இறங்கும் சத்தம் வீடுவீடாகக் கேட்டது. டுனாட் படுக்கையிலிருந்து அதைக் கேட்டுவிட்டு, தன் நல்ல சட்டையை எடுத்து வைக்கும்படி யெர்காவிடம் சொன்னார். அவரைத் தூக்குக்கட்டிலில் ஏற்றிய அதே கப்பலில்தான் பிள்ளைகளும் ஏறினார்கள். மழையில் மேல்தளத்தில் நின்று, முனை வரும் வரை மூவரும் அவருக்குக் கையசைத்தார்கள். முனைக்குப் பிறகு அங்கே மழை மட்டும் இருந்தது.

வால்வு மாற்றினார்கள். கண் விழித்த அவரிடம் விங்கா, "யாகொடா புலாக்காரர் வேணாம்னு அப்பவே சொன்னாளாமே" என்றாள். "ஆமா. நானும் டாவோரும்தான் அவன் பக்கம் பேசினோம். ரெண்டுக்கு ரெண்டு. ஆமையைக் கேட்டிருக்கணும்" என்றார். அந்த ஆண்டு திராட்சை டிசம்பரில் பறிக்கப்பட்டது. ஒயின் சுமார்தான், ஆனால் நிறைய. விங்கா தண்ணீர் ஆய்வகத்தின் ஸாதர் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள், பூனைகளுடன் தீவுக்கு வந்தாள். அக்கார்டியன் வாசிக்கக் கற்றாள், அது அவளுக்கு வரவில்லை. ஷ்பிரோவுக்கு எதிராக ஊர்த் தலைவர் தேர்தலில் நின்று தோற்றாள். ஆகஸ்டில் சொல்வதற்கு ஏதாவது வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் புரிந்திருந்ததால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூன் மாதம் கப்பல் வந்தது. அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவள் துறையில் எல்லோருக்கும் முன்னால் நின்றாள். டாவோர் கூடாரத்துடன் இறங்கினான், யாகொடா வரைபடத்துடன். நீவெஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள். முதலில் தன் உயரத்தில் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். கடத்தல்காரரை ஆகஸ்டுக்கு முன்னால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு, பைன் மரங்களை நோக்கி நடந்தாள். சிள்வண்டுகள் தொடங்கின.